நாணயமும் நாணயமாற்றும்

தமிழில் நாணயம் என்னுஞ் சொல் இரு பொருள் தரும். கையிற் புழங்கும் காசுக்கும் அதுவே பெயர். நெஞ்சின் நேர்மைக்கும் அதுவே பெயர். இவ்விரண்டும் ஒருங்கே சோதிக்கப்படும் இடம், ஒரு நாட்டுப் பணம் மற்றொரு நாட்டுப் பணமாக மாறும் இடமே என்பது எமது கருத்து. பெரம்பலூர், அரியலூர் மாவட்டத்தார் இதனைச் சற்றே ஊன்றி நோக்குதல் வேண்டும்.

கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து ஆண்ட இராசேந்திரன் 1025ஆம் ஆண்டையொட்டிக் கடாரத்தின்மேற் கப்பற்படை செலுத்தினான். அன்று கடல் கடந்தவை வேந்தன் கலங்கள். இன்று கடப்போர் எளிய குடிமக்கள். மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் எம் நிலம் வானம் பார்த்த பூமி. மழை பொய்த்த ஆண்டில், கடன்பட்டேனும் ஒரு மகனை அயல்நாட்டிற்கு அனுப்புதல் பல குடும்பங்களுக்கு வழியாயிற்று. லப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் முதலிய ஊர்களினின்று வளைகுடா நாடுகளுக்குச் சென்று பொருளீட்டுவோர் பலர்.

ஒரு காலத்தில் அந்நாடுகளுக்குச் செல்வார்க்கு நாணயமாற்றே வேண்டாதிருந்தது. குவைத்து, பகரைன் முதலிய இடங்களில் நம் ரூபாயே வழங்கிற்று. பொற்கடத்தலைத் தடுக்கும்பொருட்டு 1959இல் ரிசர்வ் வங்கி அப்பகுதிக்கெனத் தனித் தாள்களை வெளியிட்டது. குவைத்து 1961இல் தன் தினாரை அமைத்துக்கொண்டது. 1966 ஜூன் 6ஆம் நாள் ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டு, டாலர் ஒன்றுக்கு 4.76 ரூபாய் என்றிருந்தது 7.50 ஆனதும், ஏனை நாடுகளிற் பலவும் அதனைக் கைவிட்டன. அன்றுமுதல், தன் கூலியை வேறொரு பணத்தில் அளந்தறியும் பொறுப்பு உழைப்பாளியின் தலைமேல் ஏறிற்று.

அவ்வளவையில் நம்மவர் இரு பிழை செய்கின்றனர். முதலாவது, பலகையில் எழுதிய விலையை மட்டும் நோக்குதல். ஆயிரம் திர்காம் அனுப்புகின்ற ஒருவனை எண்ணுவோம். ஓரிடத்தார் திர்காமுக்கு 24 ரூபாய் தருவதாகச் சொல்லி, 20 திர்காமைக் கட்டணமாகக் கழிக்கின்றனர். வீடு சேர்வது 23,520 ரூபாய். மற்றோரிடத்தார் 23 ரூபாய் 80 காசே தருகின்றனர், கட்டணம் இல்லை. வீடு சேர்வது 23,800 ரூபாய். உயர்ந்த விலை தந்தவரே குறைந்த தொகை தந்தனர்! ஆதலின் கேட்கத்தக்க வினா, “விலை என்ன?” என்பதன்று, “முடிவில் கைக்கு வருவது எவ்வளவு?” என்பதே.

இரண்டாவது பிழை இதனினும் கொடிது. அஃது உண்டியல் வழியே பணம் விடுத்தலாம். முற்காலத்து உண்டியல் பழிக்கத்தக்கதன்று. பர்மா, இலங்கை, மலாயா நாடுகளில் வாணிகம் நடத்திய நகரத்தார் எழுதிக்கொடுத்த உண்டியல் ஓலைக்குச் சந்தையில் மதிப்பிருந்தது. அதில் எழுத்து இருந்தது, ஒப்பம் இருந்தது. இன்று அப்பெயரால் நடப்பதிலோ எழுத்தே இல்லை. தொலைபேசியில் சொன்ன ஒரு சொல்லே உளது. அது 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்திற்கு மாறானதுமாம்.

எம் தெருவில் ஓர் அம்மையார் உளர். அவர் மகன் எட்டுத் திங்கள் சேர்த்த கூலியை இவ்வழியே அனுப்பினான். பணம் வரவில்லை. கொணர வேண்டியவன் தன் தொலைபேசியை அணைத்துவிட்டான். எங்கே முறையிடுவது? காட்டுதற்கு ஒரு துண்டுச் சீட்டேனும் இல்லை. “நீ படிச்ச பிள்ளையாச்சே, ஒரு மனு எழுதித் தாப்பா” என்று அவர் எம்மை வேண்டினார். எழுதுகோலை எடுத்த யாம், யாருக்கு எழுதுவதென்று அறியாது இருந்தோம்.

வங்கி நெடுந்தொலைவு, உண்டியற்காரனோ வாயிலுக்கே வருகின்றான் என்பர் சிலர். அது முன்பு மெய்யாயிருக்கலாம். 2023 பிப்ரவரியில் சிங்கப்பூரின் பேநவ் முறை நம் யூபிஐ முறையோடு இணைக்கப்பட்டபின், கைப்பேசிவழியே அங்கிருந்து பணம் நொடிப்பொழுதில் வந்து சேர்தற்கு வழி உண்டு. சீட்டும் உடன் உண்டு.

கையோடு பணம் கொண்டு வருவோர்க்கும் விதி உண்டு. அயல்நாட்டுத் தாள்கள் 5,000 டாலர் மதிப்பைக் கடப்பினும், காசோலை முதலியன சேர்த்து 10,000 டாலரைக் கடப்பினும், விமான நிலையச் சுங்கத்தாரிடம் அறிவித்தல் வேண்டும். அறிவித்தல் குற்றத்தை ஒப்புதலன்று. உழைத்த பணத்திற்குச் சான்று தேடிக்கொள்ளுதலேயாம்.

பண்டு எருசலேம் ஆலயத்திற்குப் பல தேசங்களினின்று வந்தோர், தத்தம் காசைக் கோயில்வரிக்குரிய வெள்ளிக்காசாக மாற்றவேண்டியிருந்தது. அங்கே காசு மாற்றுவோரின் பலகைகளை இயேசுபெருமான் கவிழ்த்த வரலாற்றை யாவரும் அறிவர். காசு மாற்றுதல் குற்றமன்று. எளியோரின் அறியாமையைத் தன் முதலாகக் கொள்ளுதலே குற்றம். அவ்வறியாமையைக் கண்டும் வாளா இருக்கும் கற்றவரும் அக்குற்றத்தில் ஒரு பங்கினரே.

மாணவ நண்பர்காள்! இவ்விடுமுறையில் ஊர் செல்லும் நாம், அண்டை வீட்டார் ஒருவர்க்கேனும் இக்கணக்கைப் போட்டுக் காட்டுவோம். படிவம் நிரப்ப உடனிருப்போம். ரசீதைக் கேட்டு வாங்கிப் பேணுமாறு சொல்வோம். பிறர் எழுதிய நூல்களை ஆராய நாம் கற்ற எழுத்து, எம் தெரு அம்மையார்க்கு உரிய காலத்தில் உதவவில்லை. அடுத்த வீட்டார்க்கேனும் உதவுவதாக.