72 துளைகள் 16 ஆன கதை

"வெறும் 16 துளைகள்தாமே! அதற்கு இவ்வளவு கூச்சலா?"

குறுக்குத் தீவு ரயில் பாதை பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஆசிரியர் அறையிலும் பெற்றோர் சந்திப்பிலும் இதைக் கேட்டுச் சலித்துவிட்டேன். கேட்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஆனால், அந்த 16 எங்கிருந்து வந்தது என்று அவர்கள் எண்ணிப் பார்த்ததேயில்லை.

2013-இல் இப்பாதை அறிவிக்கப்பட்டது. மெக்ரிட்ச்சியை ஒட்டிய மத்திய நீர்ப்பிடிப்பு இயற்கை வனப்பகுதிக்கு அடியில் சுரங்கம் செல்லக்கூடும் என்றதும் இயற்கை ஆர்வலர்கள் எதிர்த்தனர். நிலத்தடியில் மண்ணும் பாறையும் எப்படியுள்ளன என்று அறிய, காட்டுக்குள் ஆய்வுத் துளைகள் இடவேண்டும். முதலில் திட்டமிட்டவை 72. நிலப் போக்குவரத்து ஆணையம் ஆர்வலர் குழுக்களுடன் கலந்து பேசிய பின்னரே அவை 16 ஆயின. ஆக, நாம் 'கூச்சல்' என்று இகழ்வதுதான் 56 துளைகளைத் தவிர்த்தது!

துளை ஒரு சாண் அகலங்கூட இல்லை என்பது உண்மையே. ஆனால், துளை தானாகவா தோன்றும்? இயந்திரத்தைக் காட்டுக்குள் கொண்டுசெல்ல வழி வேண்டும். அது நாள் முழுதும் இரையும். துளைமுனையைக் குளிர்விக்கவும் அறுபட்ட மண்ணை மேலே கொணரவும் நீர் வேண்டும். அந்நீர் சேறாகித் திரும்பும். நம்மூர் மழையைச் சொல்லவா வேண்டும்? ஒரே மழையில் அச்சேறு ஓடையில் இறங்கினால், தெளிந்த நீரை நம்பி வாழும் நண்டும் மீனும் என்னாகும்? அவ்விரைச்சலில், இத்தீவில் மிகச் சிலவே எஞ்சியுள்ள ராஃபிள்ஸ் பட்டைக் குரங்குகள் எங்கே போகும்?

அதனால்தான் நிபந்தனைகள் வந்தன: மரம் வெட்டலாகாது, ஏற்கெனவே உள்ள நடைபாதைகளையும் வெட்டவெளிகளையுமே பயன்படுத்த வேண்டும், இயந்திரத்தைச் சுற்றி ஒலித்தடுப்பு வேண்டும், கழிவுநீரைத் தொட்டியில் பிடிக்க வேண்டும். இவற்றைக் கடைப்பிடித்தால் பாதிப்பு 'மிதமானது' என்றது 2016 பிப்ரவரியில் வெளிவந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு. கடைப்பிடித்தால்! நிபந்தனை எச்சம் என்று வகுப்பில் கற்பிக்கிறோமே, அந்த 'ஆல்' விகுதியின் மீதுதான் அக்காடே நின்றது. அதே அறிக்கையை முதலில் முன்பதிவு செய்து அலுவலகத்திற்குச் சென்றே பார்க்க முடிந்தது. இணையத்தில் அது பிறகுதான் ஏறியது.

நான் ரயிலுக்கு எதிரி அல்லன். நாள்தோறும் அதில்தான் பள்ளிக்குச் செல்கிறேன். 2019 டிசம்பரில், காட்டின் அடியில் சுமார் 70 மீட்டர் ஆழத்தில் நேர்வழியாகவே பாதை செல்லும் என்று அரசு முடிவெடுத்தது. அம்முடிவை இங்கு நான் விவாதிக்க வரவில்லை. 'ஆய்வுதானே, கட்டுமானம் இல்லையே' என்னும் அலட்சியத்தைத்தான் எதிர்க்கிறேன். கட்டுவதா வேண்டாமா என்று முடிவாகும் முன்பே காட்டுக்குள் நுழைவது ஆய்வு இயந்திரந்தான். பாதை வராமலே போனாலும் ஓடையில் கலந்த சேறு கலந்ததுதான்.

ஆகவே, இனி எந்தக் காட்டில் எவர் துளையிட்டாலும் எத்தனை துளைகள், ஏன் அத்தனை, சேறு எங்கே போகிறது, குத்தகையாளரைச் சாராத எவர் நாள்தோறும் பார்வையிடுகிறார் என்பவற்றை வேலை தொடங்குமுன் இணையத்தில் வெளியிட வேண்டும். பார்வையிட்டவர் கண்ட குறைகளையும் வாரந்தோறும் அதே பக்கத்தில் போடவேண்டும்.