முழு பாட்டிலுக்குப் பத்து ரூபாய், சில்லுக்கு?

பெங்களூரில் வேலை பார்க்கும் பேத்தி பொங்கலுக்கு வந்தபோது ஒயின் கிளாஸ் இரண்டு கொண்டுவந்தாள். "பழைய பாட்டில்ல செஞ்சது அப்புச்சி, டிசைனர் பீஸ்." ஜோடி 1,400 ரூபாயாம். திருப்பிப் பார்த்தேன். தண்டு என்று அவள் காட்டியது பாட்டிலின் கழுத்து. மூடி திருகும் மரைகூட அப்படியே இருந்தது. பாட்டிலைக் குறுக்கே அறுத்து, மேல்பாதியைக் கவிழ்த்து, அடியில் வட்டக் கண்ணாடி ஒட்டியிருக்கிறார்கள். உதடு கிழியாதபடி விளிம்பை நன்றாகத் தேய்த்திருந்தார்கள்.

"இதை நான் என்ன விலைக்கு எடுப்பேன்னு தெரியுமா கண்ணு?" என்றேன். அன்று மாலைவரை அவள் என்னோடு பேசவில்லை.

ராசிபுரத்தில் முப்பது வருஷமாகப் பழைய இரும்பு, பேப்பர், பாட்டில் கடை வைத்திருக்கிறேன். அந்த வேலைப்பாட்டில் குறையில்லை. அறுத்து ஒட்ட உலை வேண்டாம், கரி வேண்டாம். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரே டாஸ்மாக் கடையில் விற்கிற குவார்ட்டர் பாட்டில்களை எத்தனை டிசைனர்கள் அறுத்துத் தீர்ப்பார்கள்?

எங்கள் தொழிலில் ஒரு கணக்கு உண்டு. முழு பீர் பாட்டிலை எண்ணி எடுப்போம். அது கம்பெனிக்குப் போய், கழுவி, மறுபடி நிரம்பி வரும். கோலி சோடா பாட்டிலும் அப்படித்தான் வருஷக்கணக்கில் சுற்றியது. உடைந்துவிட்டால் கிலோ கணக்கு. அதிலும் வெள்ளை, பச்சை, பழுப்பு என்று பிரித்திருக்க வேண்டும். கலந்தால் விலை விழும். ஒரு பீங்கான் துண்டு சேர்ந்து போனாலும் வம்பு. அது உலையில் உருகாது, புது பாட்டிலில் கல்லாக நிற்கும்.

உயர்நீதிமன்றம் சொல்லி, 2022-இல் நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலியைக் கொடுத்தால் திருப்பித் தரும் திட்டம் வந்தது. காட்டில் யானை காலில் சில்லு ஏறக் கூடாது என்ற கவலைதான் காரணம். பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் வந்தது. இதனால் என் கடைக்கு வரும் பாட்டில் குறையும், அது வேறு விஷயம். திட்டம் சரியானது. மூட்டை அடுக்க இடமில்லை என்று டாஸ்மாக் ஊழியர்கள் புலம்புவதிலும் நியாயம் இருக்கிறது.

ஆனால் உடைந்த பாட்டிலுக்குப் பத்து ரூபாய் இல்லை. அது வாய்க்கால் மேட்டிலும் குச்சிக்கிழங்குக் கொல்லையிலும் கிடக்கிறது. போன மாசம் கிழங்கு பிடுங்கும் கூலிக்காரம்மா ஒருத்தர் சாக்கு நிறைய சில்லு கொண்டுவந்தார். குதிகாலில் சேலைத் துணி சுற்றியிருந்தது. மண்ணும் மூன்று நிறமும் கலந்து 22 கிலோ. கலப்புக்கு உள்ள விலையைத்தான் என்னால் கொடுக்க முடிந்தது. டீயும் பன்னும் வாங்கலாம்.

யானைக்காக வந்த திட்டம் அந்தம்மாவின் காலுக்கும் ஆகட்டும். ஊராட்சிதோறும் தராசு வைத்து, சில்லுக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று அரசு கொடுக்கட்டும். பணத்துக்குப் புதிதாக எங்கும் போக வேண்டியதில்லை. உடைந்த ஒவ்வொரு பாட்டிலுக்கும் வாங்கிய பத்து ரூபாய், யாரும் திருப்பிக் கேட்காமல் நிற்கிறதே.