ஒற்றை மணியும் பழகிய கைகளும்

சுரங்கக் கூண்டை இயக்கும் மணிக்குறிகள் மொழியியல் மாணவர் ஊன்றி நோக்கத்தக்கவை. கூண்டு ஓடிக்கொண்டிருக்கையில் ஒரு மணி ஒலித்தால் 'நிறுத்து' என்று பொருள். நின்றிருக்கையில் அதே ஒரு மணிக்கு 'மேலே ஏற்று' என்று பொருள். இரண்டு மணி என்றால் 'கீழே இறக்கு'. குறி ஒன்றே, பொருளைச் சூழல் தீர்மானிக்கிறது. ஆபத்தில் எழுப்பும் குறி மிகச் சுருக்கமாக இருப்பது நல்லது. ஆனால் மேலே எஞ்சினருகே இருப்பவருக்கு எண்ணிப் பார்த்துப் பொருள்கொள்ள நேரம் கிடைக்காது. கேட்ட கணத்தில் கை இயங்க வேண்டும்.

கோலார் தங்கவயலில் இது ஏட்டுச் செய்தியாக இருந்ததில்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல். அழுத்தம் தாளாத பாறை முன்னறிவிப்பின்றி வெடித்துச் சிதறுவது அங்குள்ளோர் அறிந்த இடர். அத்தகைய வேளையில் மூச்சுக்கருவியைச் சுமந்து இருளிலும் வெப்பத்திலும் நுழைவோருக்கு, பல்லாண்டுக்கு முன் பெற்ற சான்றிதழ் துணைநிற்காது. ஒருமுறை தேறியவரையும் 1985ஆம் ஆண்டின் சுரங்க மீட்பு விதிகள் மறுபயிற்சிக்கு உட்படுத்துவதன் காரணம் இதுவே.

எஞ்சினற்ற கிளைடர் விமானத்தை ஓட்டுவோரும் இவ்வொழுக்கத்தைப் பேணுகின்றனர். இழுவைக் கயிறு எந்த உயரத்தில் அறுந்தால் என்ன செய்வது என்பதை ஒவ்வொரு முறையும் புறப்படுமுன் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது அவர்களுள் பரவலான வழக்கம். உரிமம் பெற்றபின்னும் பயிற்றுநரை உடனமர்த்திப் பறந்து காட்டுகின்றனர். 1983 ஜூலையில், எரிபொருள் கணக்கில் பவுண்டும் கிலோவும் குழம்பியதால், கனடாவின் போயிங் 767 ஒன்று நடுவானில் இரு எஞ்சின்களையும் இழந்தது. கிளைடர் ஓட்டிப் பழகிய கேப்டன் பாப் பியர்சன், விமானத்தைப் பக்கவாட்டில் சரித்து உயரம் குறைக்கும் கிளைடர் உத்தியைக் கையாண்டு கிம்லியில் இறக்கினார். விமானத்திலிருந்த 69 பேரும் பிழைத்தனர்.

தங்கவயல் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. தலைமுறைகளாகச் சுரங்கத்தில் உழைத்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் விடியலில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். ஆபத்து மட்டும் மூடப்படவில்லை. கைவிடப்பட்ட சுரங்கமொன்றில் இறங்கிய மூவர் 2020 மே மாதத்தில் மாண்டனர். பாறையின் அதிர்வுகளைக் கருவிகள் பதிந்து வைத்தன; அதை ஆராய 1988இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனமும் அங்கேயே தோன்றியது. தொழிலாளர் கையறிவுக்கு அத்தகைய பதிவேடு வாய்க்கவில்லை. விதிகள் ஆங்கிலத்தில் இருந்தன. வேலைமுகத்தில் ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொடுத்ததோ பெரும்பாலும் தமிழில்.

பழைய முறைகள் இன்று எதற்கு, இயந்திரங்கள் வந்துவிட்டனவே என்பர். சில்க்யாராவில் 2023 நவம்பரில் 41 தொழிலாளர் பதினேழு நாள் சிக்கியிருந்தபோது துளையிடும் இயந்திரம் உடைந்தது. கடைசிச் சில மீட்டரைக் கையால் தோண்டி முடித்தவர்கள், அவ்வேலையை அன்றாடம் செய்து கைபழகியவர்கள்.

சயனைடு மணல்மேடுகளிலிருந்து மீண்டும் பொன் எடுக்கும் திட்டத்திற்குக் கர்நாடக அமைச்சரவை 2024இல் இசைவு தந்தது. அப்பேச்சில் பொன்னின் விலை அடிபடும் அளவுக்கு மீட்புப் பயிற்சி அடிபடவில்லை. பல்கலைக்கழகங்களும் இதில் பங்கெடுக்கலாம். தங்கவயலின் வழக்குச் சொற்களைத் திரட்டச் செல்லும் ஆய்வாளர், அந்த முதியவரிடம் மூச்சுக்கருவியை எப்படி மாட்டினீர்கள் என்றும் கேட்கட்டும். கேட்பதோடு நில்லாமல், செய்து காட்டச் சொல்லிப் படம்பிடிக்கட்டும். மணியடித்தவரையும் எஞ்சின் இயக்கியவரையும் ஒருசேர அமர்த்திப் பதிவது இன்னும் நல்லது. சுரங்கம் மூடியபோது முப்பது வயதிலிருந்தவர்களுக்கு இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அவர்களே அந்த அணியின் இளையோர்.