வண்டியூரில் மழை பெய்ததா என்று யாரைக் கேட்பது?

மழைக்கு மறுநாள் பேப்பரில் பட்டியல் வரும். விரகனூரில் இத்தனை மில்லிமீட்டர், தல்லாகுளத்தில் இத்தனை, இடையபட்டி, சிட்டம்பட்டி, கள்ளந்திரி, தனியாமங்கலம், சாத்தையாறு அணை என்று ஊர் ஊராகப் போடுவார்கள். விமான நிலையத்துக்குத் தனிக்கணக்கு. வண்டியூர் மட்டும் அதில் இருக்காது. அழகர் வந்து மண்டூக முனிவருக்கு மோட்சம் கொடுக்க வண்டியூர் வேண்டும். மழைக்கணக்குக்கு வேண்டாம் போலிருக்கிறது.

“விரகனூர் பக்கத்துலதானே இருக்கு, அந்தக் கணக்கையே வச்சுக்க வேண்டியதுதானே” என்று கேட்பவர்கள் மதுரை மழையைக் கூர்ந்து பார்த்தவர்களாக இருக்க முடியாது. பங்குனி தொடங்கிப் புரட்டாசி வரை நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் வெப்பச்சலன மழைதான். பகலெல்லாம் தரை காய்ந்து, அந்தச் சூட்டில் காற்று மேலேறி, நாலு மணிக்கு மேல் எங்காவது ஓரிடத்தில் கொட்டிவிட்டுப் போகும். அண்ணா நகரில் குடை பிடித்து நடப்பார்கள், மேலமடையில் தூறல் போடும், வண்டியூரில் புழுதி மட்டும் பறக்கும். அடுத்த வாரம் இதுவே தலைகீழாக நடக்கும். 2024 அக்டோபர் 25 அன்று ஒரே பிற்பகலில் பத்து சென்டிமீட்டருக்கு நெருக்கமாகக் கொட்டி, செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததே, அன்றைக்கு எங்கள் தெருவில் பெய்தது எவ்வளவு என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள்.

அதனால்தான் வாங்கினேன். கம்பியில்லா வானிலை நிலையமாம். மாடியில் ஒரு கூட்டுக் கருவி நிற்கும். வெப்பம், ஈரப்பதம், காற்றின் வேகம், திசை, மழை, வெயில் எல்லாவற்றையும் அதுவே அளந்து, கீழே ஹாலில் இருக்கும் திரைக்கு அனுப்பிவிடும். விலை பதினைந்தாயிரத்தைத் தொட்டது. பத்தே நிமிடத்தில் பொருத்திவிடலாம் என்று பெட்டிமேல் போட்டிருந்தது. அப்படி எழுதியவருக்குச் சொந்தமாக ஒரு புல்வெளி இருந்திருக்கும்.

வெப்பமானியை எங்கே வைக்க வேண்டும் என்பதற்கு உலகம் முழுக்க ஒரே விதிதான். தரையிலிருந்து ஒன்றேகால் மீட்டருக்கும் இரண்டு மீட்டருக்கும் இடைப்பட்ட உயரம், கீழே புல், மேலே வெயில் நேராகப் படக் கூடாது, காற்று புகுந்து வெளியேற வேண்டும். அரசு நிலையங்களில் வெள்ளைப் பெயின்ட் அடித்த மரக்கூண்டு ஒன்று நாலு காலில் நிற்குமே, ஸ்டீவன்சன் கூண்டு, அதன் கதவு பூமத்திய ரேகைக்கு வடக்கே இருக்கிற நாடுகளில் வடக்கே பார்த்துத்தான் திறக்கும். அளவு பார்க்கத் திறக்கிற அந்த நேரத்தில்கூட உள்ளே வெயில் விழக் கூடாது என்று அவ்வளவு கரிசனம். (அதை வடிவமைத்த தாமஸ் ஸ்டீவன்சன் கலங்கரை விளக்கங்கள் கட்டிய ஸ்காட்லாந்துப் பொறியாளர். ‘புதையல் தீவு’ எழுதியவருக்கு அப்பா.) மழைமானிக்கு வேறு விதி. சுற்றிலும் எது இருந்தாலும், அதன் உயரத்தைப்போல் இரண்டு மடங்காவது தள்ளி மழைமானி இருக்க வேண்டும். வாய் தரையை ஒட்டித் தாழ்வாகவும் இருக்க வேண்டும். காற்றுமானிக்கோ பத்து மீட்டர் உயரம் வேண்டும்.

இந்த மூன்றையும் ஒரே குச்சியில் செருகி விற்கிறார்கள். வெப்பமானிக்குச் சரியான உயரத்தில் நட்டால் காற்றுமானி குள்ளம். காற்றுமானிக்காக உயர்த்தினால் மழைமானி ஆகாயத்தில். யாரிடம் போய்ச் சொல்ல?

எங்கள் மனை இரண்டு சென்ட். முன்னால் பைக் நிறுத்துகிற இடம், பின்னால் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற சந்து, அவ்வளவுதான். பக்கத்து வீடு முப்பதடி. இரண்டு மடங்கு தள்ளி என்றால் அறுபதடி. அந்தக் கணக்குப்படி என் மழைமானியை எதிர்ச் சாரிக்காரர் வீட்டுச் சமையலறையில்தான் நட வேண்டும். மிச்சமிருப்பது மொட்டைமாடி.

மொட்டைமாடியில் என்ன இருக்கிறது என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கத்திரி வெயில் நாளில் ராத்திரி பதினோரு மணிக்குக்கூட வெறுங்காலோடு நடக்க முடியாது. பகலில் குடித்த சூட்டைத் தளம் விடியவிடியக் கக்கிக்கொண்டிருக்கும். கருவிக்கு வெயில் மறைக்க அடுக்கடுக்காகப் பிளாஸ்டிக் தட்டுகள் வைத்திருக்கிறார்கள், சரி. ஆனால் அவை மேலேயிருந்து வரும் வெயிலைத்தான் மறைக்கும். கீழேயிருந்து ஏறுகிற அனலை என்ன செய்யும்? காற்று அசையாத மதியத்தில் அந்தத் தட்டுகளும் சேர்ந்து சூடாகிவிடும். மாநிலத்திலேயே அதிக வெயில் என்கிற பட்டத்துக்கு ஆண்டுதோறும் போட்டி போடுகிற நம் விமான நிலையத்தில் நாற்பது என்றால், என் திரையில் நாற்பத்து நாலு. அதைப் படம் எடுத்து உறவினர் குழுவில் போட்டால், “எங்க பக்கம் நாப்பத்தாறு மாமா” என்று திருமங்கலத்திலிருந்து பதில் வருகிறது. அவர் கார் டேஷ்போர்டைப் பார்த்துச் சொல்கிறார். இப்படித்தான் ஊருக்குள் வெயில் ஏறுகிறது.

சரி, அது இருக்கட்டும். தகவல் கீழே வந்து சேர வேண்டுமே. ‘நூறு மீட்டர் வரை எட்டும்’ என்பது திறந்த வெளியில். எங்கள் வீட்டில் மாடிக்கும் ஹாலுக்கும் நடுவில் கம்பி கட்டிய கான்கிரீட் தளம் இரண்டு, ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி ஒன்று, சீதனமாக வந்த இரும்பு பீரோ ஒன்று. திரையில் எண்கள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடுகள். மாடிப்படி முடிகிற இடத்துக்குத் திரையைத் தூக்கிப் போனால் எண்கள் வந்துவிடுகின்றன. அங்கே வைஃபை இல்லை, பிளக் பாயின்டும் இல்லை. ஹாலில் வைஃபை உண்டு, எண்கள் இல்லை. “ஏங்க, வெயில் எவ்வளவுன்னு பாக்க வெயில்லதான் போய் நிக்கணுமா?” என்று வீட்டில் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

எந்த அலைவரிசையில் பேசுகிறது என்று விற்கிறவர்கள் பெரிதாகப் போடுவதே இல்லை. அமெரிக்காவுக்குச் செய்தது 915 மெகாஹெர்ட்ஸில் பேசும், ஐரோப்பாவுக்குச் செய்தது 868இல். இந்தியாவில் உரிமம் இல்லாமல் பேச விட்டிருக்கும் அலைவரிசைகளில் ஒன்று 865இல் தொடங்குகிறது. எந்த ஊர்ப் பெட்டி நம் கைக்கு வரும் என்பது அவரவர் ஜாதகம். கையேட்டைப் படித்தால் ஜாதகம் தெரிந்துவிடும்: பனி கொட்டினால் மழைமானியில் உறைந்ததை எப்படி எடுப்பது, பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி போனால் எந்த பேட்டரி போடுவது என்று ஒரு பக்கம் முழுக்க இருக்கிறது. திரையில் ஒரு பனிச்செதில் படமும் உண்டு. நாற்பது டிகிரியில் சாதாரண பேட்டரி கசிந்து முனையெல்லாம் பச்சை பூத்துவிடும் என்பதைப் பற்றி ஒரு வரி இல்லை.

சூரியத் தகட்டைத் தெற்கே பார்த்து வை என்கிறது அதே கையேடு. லண்டனிலும் டெல்லியிலும் அது சரி. மதுரை பத்து டிகிரி அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் நடுவில் சூரியன் நம் உச்சந்தலைக்கு மேல் வந்து, அதற்குப்பின் வடக்கே நகர்ந்து, ஆகஸ்ட் கடைசியில்தான் மறுபடி உச்சிக்கு வந்து தெற்கே இறங்குகிறது. அதாவது வெயிலை அளக்க வேண்டிய சித்திரை, வைகாசியில் நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே. இப்படி நான்கு மாதத்துக்கும் மேலாக உச்சிவெயிலில் தகடு சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. சாய்த்துத் திருப்பலாம் என்றால் காற்றுத்திசை காட்டும் முள்ளும் அதே உடம்போடு சேர்ந்து திரும்புகிறது. ஆடி மாத மேல்காற்றைக் கிழக்குக் காற்று என்று அறிவிக்கிறது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்தத் திரை வானிலை முன்னறிவிப்பு வேறு செய்கிறதே, அதைத்தான் தாங்க முடியவில்லை. காற்றழுத்தம் ஏறினால் சூரியன் படம், இறங்கினால் மேகம், இன்னும் இறங்கினால் மழை. இவ்வளவுதான் அதன் சாஸ்திரம். குளிர்நாடுகளில் அழுத்தம் இறங்கினால் புயலோ மழையோ வரும். நம் பக்கத்தில் அழுத்தம் கடிகாரம் வைத்ததுபோல் தினமும் இரண்டு முறை ஏறி இறங்கும்: காலை பத்து மணிக்கும் இரவு பத்து மணிக்கும் உச்சி, அதிகாலை நாலுக்கும் மாலை நாலுக்கும் பள்ளம். மூன்று நான்கு ஹெக்டோபாஸ்கல் வித்தியாசம். மழை வந்தாலும் வராவிட்டாலும் இது நடந்தே தீரும். ஆகவே என் திரை, தார் உருகுகிற மூன்று மணிக்கு மழை என்கிறது. ராத்திரி பத்து மணிக்குப் பளிச்சென்று சூரியனைக் காட்டுகிறது. போதாக்குறைக்கு மதுரை கடல்மட்டத்திலிருந்து நூறு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எட்டு மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு ஹெக்டோபாஸ்கல் குறையும், நூறு மீட்டருக்குப் பன்னிரண்டு. விமான நிலைய அறிக்கையைப் பார்த்து அந்தப் பன்னிரண்டைக் கூட்டி வைக்காதவரை, வாங்கி வந்த நாளிலிருந்தே வீட்டுக்குள் புயல் சின்னம்தான்.

இதற்கு அழகர் தேவலை. பச்சைப் பட்டு உடுத்தி ஆற்றில் இறங்கினால் வருஷம் செழிப்பு என்று ஊரே நிம்மதியாகக் கலையும். ஆண்டுக்கு ஒரே அறிவிப்பு, சாயங்காலத்துக்குள் மாறாது.

மழைமானிக்கு வருகிறேன். அதற்காகத்தானே எல்லாம். உள்ளே ஒரு சின்னத் தராசுக் கிண்ணம். கால் மில்லிமீட்டர் அளவுக்குத் தண்ணீர் சேர்ந்ததும் ஒருபக்கம் சாயும். சாய்கிறதை எண்ணி மழையைக் கணக்கிடும். நல்ல யோசனை. ஆனால் வடிகட்டிமேல் புறா எச்சம், வேப்பம்பழக் கொட்டை. கிண்ணத்துக்கடியில் சிலந்தி வலை. கம்பத்துக்கு எண்ணெய் தடவாவிட்டால் கட்டெறும்பு. காக்கைக்குக் காற்றுக் கிண்ணங்கள்மேல் உட்காருவதில் அப்படி ஒரு பிரியம். தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்க, திரையில் 0.0 என்று இருந்த சாயங்காலமும் உண்டு; பக்கத்து வீட்டில் தொட்டி கழுவிய தண்ணீர் தெறித்து ‘கனமழை’ பதிவான மத்தியானமும் உண்டு.

எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிற நாளிலும் பேப்பரோடு ஒத்துப்போகாது. அரசுக் கணக்கில் ஒருநாள் மழை என்பது காலை எட்டரையிலிருந்து மறுநாள் காலை எட்டரை வரை. என் கருவிக்கு நள்ளிரவோடு நாள் முடிந்தது. ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கி இரண்டு மணிக்கு ஓய்ந்த மழையை அது இரண்டாகக் கிழித்து இரண்டு தேதிகளில் போட்டுவைக்கிறது. வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டு இந்த நேரத்தை மாற்ற வழி உண்டா என்று கேட்டேன். “ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க சார்” என்றது அந்தப்பக்கம். எட்டரை மணிக்கு எழுந்து கையால் அழித்துவைக்கலாம், செய்கிறேன்.

கீழே அக்கம்பக்கத்துக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. மோர்மிளகாய் காயப்போட்டிருக்கிற அக்கா மாடிச் சுவர் வழியாக எட்டிப் பார்த்து, “தம்பி, மழை வருமாய்யா, எடுத்துரவா?” என்பார். அதோட முன்னறிவிப்பை நம்ப முடியாதுக்கா, பெய்ததைத்தான் அளக்கும் என்றால், “பேஞ்சதுதான் எனக்கே தெரியுமே” என்பார். மறுத்துப் பேச வழியில்லை.

எனக்குள்ள எரிச்சல் கருவிமேல் மட்டுமில்லை. விதிப்படி அளக்க ஒத்தக்கடை வேளாண் கல்லூரியில் புல்தரை இருக்கிறது, விமான நிலையத்தில் இருக்கிறது. மாநகராட்சியில் நூறு வார்டு. ஒவ்வொன்றிலும் பள்ளி மைதானமோ பூங்காவோ தண்ணீர்த் தொட்டி வளாகமோ இல்லாமலா போய்விடும்? மாநிலம் முழுக்க 1,400 தானியங்கி மழைமானிகளும் 100 தானியங்கி வானிலை நிலையங்களும் வைக்கிற திட்டத்தை அரசே கொண்டுவந்தது. தெருவுக்குத் தெரு மாறுகிற மழைக்கு அதுவும் பத்தாது. எந்த வாய்க்கால் முதலில் நிரம்பும், எந்தச் சந்தில் மோட்டார் வைக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தந்தப் பகுதியில் கொட்டிய மழையை வைத்து முடிவுசெய்ய வேண்டிய காரியம். அந்த அளவை இரண்டு சென்ட் வீட்டுக்காரன் ஒருவன் கைக்காசைப் போட்டு, கொதிக்கிற தளத்தின்மேல் நின்று, காக்கையை விரட்டிக்கொண்டு எடுக்க வேண்டியிருக்கிறது.

வண்டியூர் கண்மாய்க் கரையில் இடத்துக்கா பஞ்சம்? வேலி போட்டு, புல் வளர்த்து, ஒரே ஒரு மழைமானி வையுங்கள். மறுநாள் பேப்பரில் விரகனூருக்குக் கீழே எங்கள் பெயரையும் போடுங்கள். அன்றைக்கே இந்தக் கருவியைக் கழற்றிவிடுகிறேன். அந்தக் கம்பத்தில் துணிக்கொடி கட்டிக்கொள்வதாக வீட்டில் ஏற்கெனவே பேச்சு நடக்கிறது.