கடை வண்டிக்கு ரேஸ் சைலன்சர் எதற்கு?



வரி, விலைவாசி, எடைக்கல் முத்திரை என்று எழுதும் பக்கத்தில் இவன் ஸ்கூட்டர் புகைக்குழாயைப் பற்றி எழுத வந்துவிட்டானே என்று நினைக்க வேண்டாம். வீட்டுக்குச் சரக்கு கொண்டுபோய்க் கொடுக்காத மளிகைக் கடை இன்று எங்கே இருக்கிறது? கொண்டுபோவது இரு சக்கர வண்டி. ஓட்டுவது இருபது வயதுப் பையன். அந்த வயதுக்கு வண்டி சும்மா ஓடினால் போதாது, சத்தமும் போட வேண்டும்.

என் கடையில் 1994-ல் வாங்கிய பஜாஜ் சேட்டக் ஒன்று இன்னும் ஓடுகிறது. டூ ஸ்ட்ரோக், 145 சிசி. லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். பதினைந்து ஆண்டு முடிந்த பிறகு, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டிப் புதுப்பித்து வருகிறேன். காலடியில் 25 கிலோ அரிசி, பின்னால் இரண்டு எண்ணெய் டின் வைத்தாலும் முனகாமல் போன வண்டி அது. சென்ற ஆண்டு இழுவை குறைந்துவிட்டது. “அண்ணாச்சி, சைலன்சர்தான் கோளாறு, நானே வேற செஞ்சு மாட்டுறேன்” என்றான் கடைப் பையன். சரி என்று தலையாட்டியது நான்தான்.

பையன் கெட்டிக்காரன். பழைய பேப்பரில் கூம்புக் கூம்பாகச் சுருட்டி மாதிரி எடுத்தான். பொட்டலம் மடிக்கிறவனுக்குக் கூம்பு மடிக்க யார் சொல்லித்தர வேண்டும்? முதலில் நம் எண்ணெய் டின் தகட்டை வெட்டிப் பற்ற வைத்தான். ஒரே நாளில் சூட்டில் ஈயம் உருகிப் பிய்ந்தது. பிறகு இரும்புக் கடையில் 20 கேஜ் தகடு வாங்கி, கேஸ் வெல்டிங் வைத்து, நடுவில் பருத்து இரு பக்கமும் ஒடுங்கும் ஒரு குழாயைச் செய்துவிட்டான்.

அந்த உருவத்துக்குக் காரணம் இருக்கிறது. டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் புகை வெளியேறும்போதே புதுப் பெட்ரோல் கலவை உள்ளே வருகிறது. அதில் கொஞ்சம் புகையோடு சேர்ந்து வெளியே ஓடிவிடும். விரியும் கூம்பு ஓர் உறிஞ்சலை உண்டாக்கிப் பழைய புகையை இழுக்கும். ஒடுங்கும் கூம்பில் அழுத்த அலை மோதித் திரும்பி, ஓடிப்போன கலவையைப் போர்ட் மூடும் முன் மறுபடி சிலிண்டருக்குள் தள்ளும். கதவை மூடும் நேரத்தில், பில் போடாமல் வெளியே போன சரக்கைத் திரும்பக் கடைக்குள் தள்ளுவது போல. கிழக்கு ஜெர்மனியில் எம்.இசட். கம்பெனியின் வால்டர் காடன் 1950-களில் இதைக் கணக்கும் சோதனையுமாகச் சீராக்கினார். அவர் வண்டியை ஓட்டிய எர்ன்ஸ்ட் டெக்னர் 1961-ல் ஸ்வீடன் பந்தயத்தின்போது தப்பி ஓடி, அந்த வித்தையோடு ஜப்பானின் சுஸுகியில் சேர்ந்தார். மறு ஆண்டே சுஸுகிக்கு 50 சிசி உலகப் பட்டம் வாங்கித் தந்தார். மசாலாப் பக்குவம் கைமாறிய கதைதான்!

ஆனால் அந்த வித்தை பந்தயத்துக்கு உண்டானது. இன்ஜின் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றும்போது ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் நொடியில் நூறில் ஒரு பங்கு. போர்ட் திறந்திருப்பது அதில் பாதிக்கும் குறைவு. அதற்குள் அலை போய்த் திரும்ப வேண்டும். சூடான புகைக்குள் ஒலி நொடிக்குச் சுமார் 500 மீட்டர் ஓடும் என்று வைத்துக் கணக்குப் போட்டால், குழாய் ஒரு மீட்டருக்குச் சற்று மேல் நீளம் இருக்க வேண்டும். இப்படி அளந்த குழாய் அந்த 6,000 சுற்றை ஒட்டித்தான் வேலை செய்யும். மூட்டையோடு கடைவீதியில் ஊர்ந்து போகும்போது இன்ஜின் அதில் பாதிதான் சுற்றுகிறது. அப்போது அலை முன்கூட்டியே திரும்பி வந்து, வெளியேற வேண்டிய புகையையே மறித்து நிற்கும். எங்கள் வண்டியும் அப்படித்தான் ஆயிற்று. வெறும் வண்டியாகப் பைபாஸில் பறந்தது; சரக்கு ஏற்றினால் மேம்பாலத்தில் முக்கியது. பெட்ரோல் செலவும் கூடியது. போதாக்குறைக்குக் கார்புரேட்டர் ஜெட்டை மாற்றாமல் குழாயை மட்டும் மாற்றியதில், பெட்ரோல் போதாமல் சூடேறி ஒரு நாள் பிஸ்டன் பிடித்துக்கொண்டது. நல்ல வேளை, வண்டி மெதுவாகப் போகும் நேரம். பையனுக்கு முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. ரீபோர், புது பிஸ்டன், கூலி என்று இரண்டு மாத டெலிவரி லாபம் கரைந்தது. சத்தம் பொறுக்காமல் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டம்மா இருபது வருடக் கணக்கைத் தீர்த்துக்கொண்டு வேறு கடைக்குப் போய்விட்டார். நேரில் போய்க் கேட்டுக்கொண்டும் அவர் திரும்பி வரவில்லை.

இதைக் கூட்டத்தில் சொன்னபோது ஒரு நண்பர், “என் கடையில் பையன் சொந்த வண்டியில்தான் போகிறான், எனக்கென்ன?” என்றார். மோட்டார் வாகனச் சட்டம் அப்படி விட்டுவிடவில்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு, சத்தம், புகை விதியை மீறிய வண்டியை ஓட்டுகிறவர் மட்டுமல்ல, ஓட்டச் செய்கிறவரும் ஓட்ட அனுமதிக்கிறவரும் 190-ஆம் பிரிவின் கீழ் வருகிறார்கள். முதல் தடவைக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். லைசென்ஸும் மூன்று மாதம் பறிபோகும். அனுமதியில்லாமல் வண்டியை மாற்றியமைக்கும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் தனி. சரக்குப் பையைக் கையில் கொடுத்து அனுப்புவது நாம்தானே? ஓட்டச் செய்தவர் யார் என்று கேட்டால் யாரைக் காட்டுவது?

இன்றைய ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளில் இந்த அலை வித்தைக்கு இந்த அளவு வேலை இல்லை. அவற்றில் சைலன்சரை அறுத்தால் மிஞ்சுவது பெரும்பாலும் சத்தம்தான். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 வண்டி என்றால் நஷ்டம் இன்னும் பெரிது. புகையைச் சுத்தப்படுத்த பிளாட்டினம் வகை உலோகம் பூசிய கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் குழாய்க்குள் இருக்கிறது. விவரம் தெரியாமல் அதை அறுத்துப் பழைய இரும்பு விலைக்குப் போடுகிறார்கள். நம் சங்கத்திலேயே உதிரிபாகக் கடை வைத்திருக்கும் நண்பர்கள் ரேஸ் சைலன்சரை வாசலில் தொங்கவிட்டு விற்கிறார்கள். நான் இப்படி எழுதுவது அவர்களுக்குக் கோபம் தரும் என்று தெரியும். வாங்கிப் போகிற பையன் இன்னொரு உறுப்பினரின் கடையில் வேலை செய்கிறவன் என்பதை அவர்களும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கட்டும்.

அதற்காகப் பையன்களை வேலையை விட்டு நிறுத்துங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் செய்த ஒருவரையும் எனக்குத் தெரியும், அது அநியாயம். என் பையன் சொன்னதில் பாதி உண்மை. கோளாறு சைலன்சரில்தான் இருந்தது. டூ ஸ்ட்ரோக் ஆயில் எரிந்து பழைய சைலன்சருக்குள்ளும் போர்ட்டிலும் கரி அடைத்திருந்தது. மெக்கானிக் கழற்றிச் சுட்டுத் தட்டிச் சுரண்டி எடுத்தபோது ஒரு கைப்பிடிக்கு மேல் கொட்டியது. மாட்டிய அன்றே பழைய இழுவை வந்துவிட்டது. கூலி ஒரு டின் எண்ணெயின் விலைகூட ஆகவில்லை. டூ ஸ்ட்ரோக் வண்டி இன்னும் வைத்திருப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை இதைச் செய்துகொள்ளலாம். மற்றவர்கள் ஆளை வேலைக்குச் சேர்க்கும்போது லைசென்ஸையும் இன்சூரன்ஸையும் பார்ப்பதோடு, வண்டியின் பின்பக்கமும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

பையன் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு லேத் பட்டறைக்குப் போய் வெல்டிங் பழகுகிறான். போக நான்தான் சொன்னேன். ஒரு நல்ல ஆளை இழந்துவிடுவோமோ என்ற கவலையும் இருக்கிறது. அவன் செய்த குழாய் குடோனில் தொங்குகிறது. அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டுவருகிறேன்.