கூடையில்லாத மலை

மலையகத்துச் சித்திரம் ஒன்றுக்கு அண்மையிற் பரிசு கிடைத்தது. அதனைப் பாராட்டி எழுதிய சகோதர சஞ்சிகையொன்று, தலைக்கயிற்றிலே கூடை தொங்க, கண்ணிலே நீர் துளிக்க நிற்கும் கொழுந்துக்காரியைத் தீட்டுவதே மலையகத்து ஓவியரின் தர்மம் என்றும், அதைவிட்டு வேறொன்றைத் தீட்டுகிறவர் தம் சனங்களுக்குத் துரோகம் இழைக்கிறார் என்றும் தீர்ப்புரைத்திருக்கிறது. பரிசு பெற்றவர்மீது நமக்கு மனக்குறை எதுவுமில்லை. அந்தத் தீர்ப்பை மாத்திரம் மறுக்காமலிருக்க நம்மால் இயலவில்லை.

பன்விலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலே லயத்துக் காம்பராவிற் பிறந்து, இப்போது கொழும்பிற் சித்திரக்கலையிலே முதுகலை பயிலும் மாணவியொருவர், தம் கலையின் அப்பியாசத்தையும் பிரயோஜனத்தையும் குறித்து எழுதிவந்த குறிப்புகளை நம் பார்வைக்கு அனுப்பியிருந்தார். அவற்றிற் பெரும்பகுதி, கவ்வாத்து வெட்டிய மலையொன்றைத் தீட்ட அவர் பட்ட பாட்டைப் பற்றியது. கவ்வாத்துக்குப் பின் தேயிலைமலை பச்சையாக இராது. வெட்டுண்ட வாதுகளின் பட்டையிலே வெளிறிய பாசி படர்ந்திருக்கும். வெட்டுவாயிலே மஞ்சள் தோய்ந்த வெண்மை தெரியும். நக்கிள்ஸ் தொடரிலிருந்து மூடுபனி இறங்கிவிட்டால், பாசியின் வெண்மையும் மரத்தின் வெண்மையும் பனியின் வெண்மையும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து, தூரிகை பிடித்தவரைத் திகைக்க வைக்கும். குழம்பைக் கூட்டியும் குறைத்தும் பார்த்துக் களைத்த பிறகு, வெண்மையைத் தொடாமல் அதன் பக்கத்திலே சிறிது ஊதாவை வைத்தபோதுதான் மூன்றும் தத்தம் இடத்தில் நின்றன என்று எழுதும் அவர், ஒரு படம் எதற்காக என்ற கேள்விக்குரிய விடை, அந்தப் படத்தோடு மல்லாடும் கைக்குப் பிறகுதான் புத்திக்கு எட்டுகிறது என்கிறார். இதனினும் தெளிவாக இவ்விஷயத்தைச் சொன்னவர் அண்மைக்காலத்தில் எவருமில்லை என்பது நம் அபிப்பிராயம்.

கூடைக்காரியின் உருவம் எங்கிருந்து வந்தது என்பதையும் அந்தச் சஞ்சிகை சற்று யோசித்திருக்கலாம். பிளாட்டே புகைப்பட நிறுவனத்தார் கப்பற் பிரயாணிகளுக்கு விற்ற தபாலட்டைகளிலும், லிப்டன் துரையின் தேயிலை விளம்பரங்களிலும் அவள் முதலில் நிறுத்தப்பட்டாள். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவளை நாடற்றவளாக்கிய பின்னரும் அந்த உருவம் வியாபாரத்துக்காக உலகைச் சுற்றிவந்தது. அன்று அவள் முகத்திலே சாந்தம், இன்று கண்ணீர். ஆனால் நிற்கும் இடம், கூடையின் சாய்வு, பின்னணியிலே மங்கும் பச்சை, இவற்றோடு அவளைத் தூரத்தே நின்று பார்க்கும் அந்நியனின் கண், யாவும் அப்படியே இருக்கின்றன. துயரத்தைச் சேர்த்துவிட்டதனாலேயே பார்வை மாறிவிடாது.

கொழுந்தெடுக்கிறவள் பார்க்கப்படும் பொருள் மாத்திரந்தானா? அவளைப்போல நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பவர் யார்? இரண்டிலையும் மொட்டுமாக நிற்கும் இளங்கொழுந்தின் பச்சையை, அதை ஒட்டி நிற்கும் கரட்டு இலையின் பச்சையிலிருந்து, கை நீளுவதற்கு முன்பே பிரித்தறியும் கண் அவளுடையது. மழையிருட்டிலும் பிசகாத அக்கண்ணுக்கு எந்தக் கலாசாலையும் பட்டம் அளித்ததில்லை. நிறம் பார்க்கத் தமக்குக் கற்பித்தவர் தம் தாயாரே என்று நம் மாணவி எழுதுகிறார். அத்தாயாரை அழுகிறவளாகத் தீட்டுவதைவிட, அவர் பார்க்கும் மலையை அவர் பார்க்கும் நுட்பத்தோடு தீட்டுவதே அச்சனங்களுக்குச் செய்யும் பெரிய மரியாதை என்பதை நாம் எத்தனை முறையும் சொல்லத் தயாராயிருக்கிறோம்.

துயரத்தைத் தீட்டக் கண்ணீர் வேண்டுமென்பவர்கள் கண்டிக்கு அருகிலுள்ள தெகல்தொருவக் குகைவிகாரைக்கு ஒருமுறை போய்வரவேண்டும். நாயக்க வம்சத்துக் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் காலத்திலே (1747–1782) தொடங்கிய திருப்பணி அது. தேவரகம்பொல சில்வத்தென்ன உன்னான்சேயும் அவரோடொத்த சித்திரகாரரும் தீட்டிய வெஸ்ஸந்தர ஜாதகம், சிவந்த நிலத்தின்மேல் பட்டைபட்டையாக நீண்டு செல்கிறது. பெற்ற பிள்ளைகளையே தானமாகக் கொடுத்த அரசனின் கதை; ஆயினும் ஒரு முகமும் அழவில்லை. அதே மாந்தர் பட்டை நெடுகிலும் மீண்டும் மீண்டும் தோன்றி நடந்துகொண்டேயிருக்கிறார்கள், நிழலில்லை, வெற்றிடமெங்கும் வெண்பூக்கள், இலையிலையாக எழுதிய மரங்கள். அந்த நடையிலேயே நம் நெஞ்சு கனத்துவிடுகிறது. இளமையில் அச்சுவரைப் பார்த்த நாள் முதல் இன்றுவரை நமக்கு அதன்மேலுள்ள மோகம் தணியவில்லை. கனிப்பொருள் ஆய்வுக்கென வந்த ஆனந்த குமாரசுவாமி, கண்டி நாட்டுக் கிராமங்களிலே இத்தகைய கைவினையைக் கண்டறிந்து 1908இல் அதற்கோர் பெருநூல் செய்தார். கண்டியிற் பிறந்த ஜோர்ஜ் கீற், பொரளைக் கோதமி விகாரைச் சுவர்களைத் தீட்டியபோது, கியூபிசத்தின் கோட்டினையும் கண்டிச் சித்திரகாரரின் கோட்டினையும் ஒரே மூச்சில் இழுத்தார்.

பழைய சித்திரகாரருக்குச் சுவரோடு பிரயோஜனமும் சேர்ந்து கிடைத்தது. இன்றைய மாணவிக்குச் சுவருமில்லை, புரவலருமில்லை. அப்பியாசம் ஒன்றே மிச்சம். அதையும் பறித்துக்கொண்டு, முன்கூட்டித் தயாரித்த விஷயத்தைக் கையிற் கொடுப்பது விமரிசனமாகுமா? சோழமண்டலத்து ஓவியர் இராமானுஜம் வேதனையை அறியாதவரல்லர். 1973இல் தம் முடிவைத் தாமே தேடிக்கொண்டவர். அவர் தீட்டியவையோ மாளிகைகளும் சர்ப்பங்களும், அவற்றிடையே தொப்பியணிந்து உலவும் தம்முருவமும். அவரையும் துரோகியென்பார்களா?

நகரத்துப் பிள்ளை ஆகாயத்தைத் தீட்டலாம், பாத்திரத்தைத் தீட்டலாம், ஒன்றுமில்லாத சதுரத்தையும் தீட்டலாம். தோட்டத்துப் பிள்ளை மாத்திரம் தன் வறுமையை எடுத்துக்காட்டிக்கொண்டே இருக்கவேண்டும் என்னும் இந்த மனோபாவம், சித்திரத்தோடு நிற்பதில்லை. மலையகச் சிறுகதைக்கும் கவிதைக்கும் இதே எல்லைக்கல் நாட்டப்பட்டிருக்கிறது. கதையிலே கங்காணியும் பிரட்டுக்களமும் அட்டைக்கடியும் இல்லையென்றால் அது மலையக இலக்கியமன்று என்று திருப்பியனுப்பும் பத்திராசிரியர்களை நாம் அறிவோம். சம்பளத்துக்கும் காணிக்கும் வீட்டுக்கும் நடக்கவேண்டிய போராட்டத்தை ஓவியத்தின் தலையிற் சுமத்திவிட்டு, ஒரு பரிசோடு கடமை தீர்ந்ததென்று எண்ணுகிறவர்கள், தோட்டப் பாடசாலைப் பிள்ளையின் கையிலே ஒரு வர்ணப்பெட்டி இருக்கிறதா என்று கேட்டதுண்டா?

கவ்வாத்து மலைச் சித்திரத்தை, செலவைப் பாராமல், இவ்விதழின் அட்டையிலே முழு வர்ணத்தில் அச்சிட்டிருக்கிறோம். மாணவியின் குறிப்புகள் உள்ளே தனிக் கட்டுரையாக வருகின்றன. சகோதர சஞ்சிகையார் மறுப்பு எழுத விரும்பினால், அந்தப் படத்தைப் பார்த்தபின் எழுதட்டும்; ஒரு வரியும் வெட்டாமல் அடுத்த இதழில் வெளியிடுவோம்.