வாயில் யாருக்கு? தவறணை யாருக்கு?

முன்கூட்டி இடம் பதியாமல் உயர்தர மதுக்கூடத்தினுள் நுழைவது எங்ஙனம்? சீமான்களுக்கு இது ஒரு கவலை! மாத்தளை மாவட்டத்துத் தோட்டத் தொழிலாளிக்கோ அக்கவலை இல்லை. அவனுக்கெனத் தவறணை இருக்கிறது. அங்கே பதிவு வேண்டாம், கழுத்துப்பட்டி வேண்டாம், கூலிக்காசு கையில் இருந்தால் போதும்!

இந்த ஏற்பாடு தானாக முளைத்ததன்று. மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியே மாத்தளைக்குக் கால்நடையாக வந்தவர்கள் எம் முன்னோர். காட்டு வழியில் நோய்க்கும் பசிக்கும் உற்றாரைப் பறிகொடுத்து வந்த அவர்களே இம்மலைகளைக் கோப்பித் தோட்டங்களாக்கினர். அவர்தம் வியர்வையில் விளைந்த செல்வத்திலே துரைமாரின் கழகங்கள் எழுந்தன. மலைநாட்டில் அவற்றுள் பேர்பெற்றது, நுவரெலியாவில் 1876இல் தோன்றிய ஹில் கிளப். 1948இல் நாடு சுதந்திரம் பெற்ற பின்னரும் பல்லாண்டுகள் அங்கே இலங்கையர் அங்கத்தவராக இயலவில்லை. தட்டேந்தும் கறுத்த கை உள்ளே போகலாம். கோப்பை ஏந்தும் கையாகப் போகலாகாது!

அக்காலம் மறைந்துவிட்டது என்பார்க்கு நாம் 2024ஆம் ஆண்டை நினைவூட்டுகிறோம். அவ்வாண்டு பெப்ரவரியில், உனவட்டுனையில் ஒரு விருந்துக்கு வெள்ளை முகத்தினரே வரலாம் என விளம்பரம் செய்தனர் வெளிநாட்டார் சிலர். நாடு கொதித்தெழுந்த பின்னரே அது கைவிடப்பட்டது.

சட்டம் என்ன சொல்கிறது? இனம், மதம், மொழி, சாதி, பால் காரணமாக உணவகம், ஹோட்டல், பொதுக் களியாட்டவிடம் ஆகியவற்றினுள் செல்வதற்கு எவருக்கும் தடையிருக்கலாகாது என்கிறது 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12(3)ஆம் உறுப்புரை. நல்ல சொற்கள்! ஆயின் அடிப்படை உரிமை மீறலுக்காக உச்ச நீதிமன்றம் செல்ல வழிவகுக்கும் 126ஆம் உறுப்புரை, ஆட்சித்துறையின் செயலையும் நிருவாகத்தின் செயலையும் மட்டுமே குறிக்கிறது. தனியார் ஹோட்டலின் காவலாளி கழுத்தைப் பிடித்துத் தள்ளினால்? உரிமை ஏட்டில், மனிதன் தெருவில்!

"என் இடத்துக்குள் யாரை விடுவது என்பது என் விருப்பம்" என்று முதலாளி சொல்லக்கூடும். வீடு வேறு, வியாபாரம் வேறு, ஐயா! வீட்டில் விருந்து வைக்க அனுமதிப்பத்திரம் கேட்பாரில்லை. மது விற்பதற்கோ மதுவரித் திணைக்களத்தின் பத்திரம் வேண்டும். பொதுமக்களின் பெயரால் வழங்கப்படும் பத்திரத்தை மாட்டி வைத்துக்கொண்டு, அம்மக்களையே வாயிலில் நிறுத்துவது எந்த நியாயம்?

நாம் மதுக்கிண்ணத்துக்கு வாதாடவில்லை. தவறணையில் அழிந்த குடும்பங்களை எண்ணி வருந்துகிறவர்கள் நாம். எமது கோரிக்கை ஒன்றே: பன்னிரண்டாம் உறுப்புரையின் சொல், ஒவ்வொரு மதுவிற்பனைப் பத்திரத்திலும் நிபந்தனையாக எழுதப்படட்டும். மீறுவோரின் பத்திரம் பறிக்கப்படட்டும். தம்புள்ளையிலும் சிகிரியாவிலும் பயணிகளுக்காக விளக்கேற்றும் மண்டபங்கள் யாவற்றுக்கும் இது பொருந்தட்டும்.

உள்ளே போவதும் போகாதிருப்பதும் எம் விருப்பம். போகாதே என்று தடுப்பதற்கு எவனுக்கும் உரிமையில்லை!